புகையை எடை போட்டவர்கள்

காற்றுக்கு எடை உண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். அதில் மிதக்கிற நுண்தூசி 35 மைக்ரோகிராம் என்று ஒரு கருவி காட்டினால் அது எவ்வளவு? பத்துக் கோடியில் மூன்று பங்கு. ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 11 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறான். ஆக நாள் முழுவதும் மூச்சோடு உள்ளே போகிற தூசி 400 மைக்ரோகிராம் கூட இல்லை. தூள் உப்பில் ஆறேழு பொடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன விஷயத்தை எடை போட மனிதன் கற்றுக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கருவி செய்வது மட்டும் சிக்கல் இல்லை. எந்தத் தூசியை எடை போடுவது என்பதுதான் பெரிய சிக்கல். கண்ணுக்குத் தெரிவதையா, தரையில் விழுவதையா, தாளில் கறுப்பாகப் படிவதையா, நுரையீரல் வரை போவதையா? ஒவ்வொரு காலத்திலும் ஒரு பதில் சொன்னார்கள். ஒரு பதிலில் அடங்காத தூசி அந்தக் காலத்தின் கணக்கிலேயே வரவில்லை. அந்தத் தூசியால் செத்தவர்களும் வரவில்லை. இந்தக் கதை பெரும்பாலும் லண்டனில் நடந்தது. நடுவில் கொஞ்சம் அமெரிக்காவுக்கும் போய் வர வேண்டியிருக்கிறது.

லண்டன்காரர்கள் புகையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தது ரொம்ப முன்னால். 1661-இல் ஜான் ஈவ்லின் என்பவர் நிலக்கரிப் புகையைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். மன்னர் படித்தாரோ என்னவோ, புகை குறையவில்லை. அதில் திட்டு இருந்தது, யோசனை இருந்தது, எண் மட்டும் இல்லை. அடுத்த இருநூறு வருடமும் அப்படியே போயிற்று. புகை என்பது வசவுக்குரிய பொருளாக இருந்ததே தவிர, அளவுக்குரிய பொருளாக இல்லை.

முதலில் வந்த அளவுகோல் ஒரு காகிதம். பிரான்சில் விவசாயப் பொறியியல் பேராசிரியராக இருந்த மாக்சிமிலியன் ரிங்கல்மான் 1880களின் இறுதியில் ஒரு அட்டவணை தயாரித்தார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட கட்டங்கள். ஒன்றாம் எண் தாளில் 20 சதவீதம் கறுப்பு, இரண்டாம் எண்ணில் 40 சதவீதம், இப்படியே போய் ஐந்தாம் எண் முழுக் கறுப்பு. தாளைச் சுமார் 15 மீட்டர் தள்ளி மாட்டிவிட்டுப் பார்த்தால் கோடுகள் கலந்து வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். அதே பார்வையில் ஆலைப் புகைபோக்கியையும் பார்த்து எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல வேண்டியதுதான். சல்லிக்காசு செலவில்லை. பாஸ்டன் நகரம் 1910-இல் இதைச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இரவில் இது உதவாது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக இது புகைபோக்கியின் வாயை அளக்கிறதே ஒழிய, தெருவில் நடப்பவன் மூக்கருகே இருக்கும் காற்றை அளக்கவில்லை.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் என்ற ஊரில் ஜான் எய்ட்கன் என்பவர் நேர் எதிர்த் திசையில் போனார். உடல்நலக் குறைவால் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மனிதர். தூசி இல்லாமல் மேகம் உருவாகாது, நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும் என்பது அவர் கண்டது. அதையே திருப்பிப் போட்டார். ஒரு சிறு கலத்தில் ஈரக் காற்றை அடைத்துச் சட்டென்று விரிய விட்டால் ஒவ்வொரு தூசியின் மேலும் ஒரு துளி நீர் படியும். கண்ணுக்குத் தெரியாத தூசி, தெரிகிற துளியாகிவிடும். துளிகள் கீழே கட்டம் போட்ட பளபளப்பான தட்டில் விழும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொள்ளலாம். 1888-இல் இந்தத் தூசி எண்ணியை அறிமுகப்படுத்தினார். நகரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்துக்குள், லட்சத்துக்கு மேலும் தூசி இருந்தது. (இந்தக் கதைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. பென் நெவிஸ் மலை உச்சியில் 1894-இல் மேகங்களைப் பார்த்து வியந்த சி.டி.ஆர். வில்சன், அதைச் சோதனைச்சாலையில் செய்து பார்க்கப் போய், எய்ட்கன் வழியிலேயே மேகக்கலத்தைக் கண்டுபிடித்தார். 1927-இல் நோபல் பரிசு. தூசி எண்ணப் போனவர்கள் அணுவுக்குள் போய்ச் சேர்ந்தார்கள் :-) )

எண்ணிக்கை வந்துவிட்டது. ஆனால் நகராட்சிக்கு அது பயன்படவில்லை. ஒரு லட்சம் தூசி என்றால் மோசமா, பரவாயில்லையா? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலருக்குப் புரிகிற அலகு ஒன்று வேண்டியிருந்தது. அந்த அலகு டன்!

1912-இல் லண்டனில் ஒரு புகை ஒழிப்புக் கண்காட்சியும் மாநாடும் நடந்தன. அதற்குச் சற்று முன்புதான் 'லான்செட்' மருத்துவ இதழ் லண்டனில் விழும் புகைக்கரியைச் சேகரித்து அளந்து கட்டுரை வெளியிட்டிருந்தது. மாநாட்டின் விளைவாகக் காற்று மாசு ஆய்வுக்கு ஒரு குழு அமைந்தது. தலைவர் வானிலைத் துறையின் நேப்பியர் ஷா. செயலாளர் ஜான் சுவிட்சர் ஓவன்ஸ், மருத்துவமும் பொறியியலும் இரண்டும் படித்தவர். இந்தக் குழு எல்லா ஊருக்கும் ஒரே மாதிரியான ஒரு சாதனத்தைக் கொடுத்தது. பெரிய புனல், அதன் அடியில் ஒரு பாட்டில். திறந்த வெளியில் ஒரு மாதம் வைத்திருந்து, மழையோடும் மழையில்லாமலும் விழுந்ததை வடிகட்டி, காயவைத்து, எடை போட வேண்டியது. கணக்கைச் சதுர மைலுக்கு இத்தனை டன் என்று பெருக்கிச் சொன்னார்கள். தொழில் நகரங்களில் வருடத்துக்குச் சதுர மைலுக்கு நூற்றுக்கணக்கான டன் வந்தது. தலைக்கு மேல் இத்தனை வண்டிக் கரி கொட்டுகிறது என்று சொன்னால் யாருக்கும் புரியும். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புனலில் விழுவது எது? கனமானது. கனமாக இருப்பதால்தான் விழுகிறது. அழுக்குத் துணி, கறுத்த ஜன்னல் விளிம்பு, இவற்றுக்கெல்லாம் காரணம் அதுதான். நுரையீரலுக்குள் போவதோ விழாமல் மிதப்பது. மிதப்பதைப் புனலால் பிடிக்க முடியாது. துணி துவைக்கிறவருக்குப் புனல் சரியான கருவி, இருமுகிறவருக்கு அல்ல.

இது ஓவன்ஸுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் அடுத்து ஒரு தானியங்கிக் கருவி செய்தார். வட்டமான வெள்ளை வடிதாள். கடிகார இயந்திரம் அதை மெல்ல நகர்த்தும். குறித்த அளவு காற்று தாளின் ஒரு புள்ளி வழியாக உறிஞ்சப்படும். அங்கே ஒரு பொட்டு விழும். பிறகு அடுத்த புள்ளி. 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால் கடிகார முகம் போல விளிம்பைச் சுற்றிலும் பொட்டுகள், சில வெளிர் சாம்பல், சில கன்னங்கறுப்பு. பொட்டின் நிறத்தை ஒரு நிற அட்டவணையோடு ஒப்பிட்டால் அந்த நேரத்துக் காற்றில் எவ்வளவு புகை என்று கணக்கிட்டுவிடலாம். ஒரு மாதத்துக்கு ஒரு எண் கொடுத்த புனல் எங்கே, நாள் முழுக்க நேரத்துக்கு நேரம் சொன்ன இந்தத் தாள் எங்கே!

அந்தப் பொட்டுகள் ஒரு வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டன. வார நாட்களில் காலை ஆறு மணிக்கு மேல் புகை சடசடவென்று ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏற்றம் தாமதமாக வந்தது. ஏன்? ஊர் தாமதமாக எழுந்தது, அடுப்பைத் தாமதமாகப் பற்றவைத்தது. ஞாயிறன்று ஆலைகள் மூடியிருக்கும். அப்படியும் புகை காணாமல் போகவில்லை. அதுவரை எல்லோரும் ஆலை முதலாளிகளின் உயரமான புகைபோக்கிகளைத்தான் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். ரிங்கல்மான் தாளும் அவற்றைத்தானே பார்த்தது? பெரும் குற்றவாளி ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையிலும் எரிந்துகொண்டிருந்த கணப்பு அடுப்பு. ஷாவும் ஓவன்ஸும் 1925-இல் பெருநகரப் புகைச் சிக்கலைப் பற்றிச் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்கள்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, அரசு என்ன செய்தது? 1926-இல் புகைத் தடுப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பு வீடுகளுக்கு அதில் விலக்கு. ஆங்கிலேயனின் அடுப்பில் கைவைத்தால் ஓட்டுப் போகும் என்ற பயம் எந்தக் கட்சிக்குத்தான் இல்லை? வரவு செலவுக் கணக்கில் மிகப் பெரிய செலவை எழுதாமல் விட்டுவிட்டுக் கணக்கைச் சரிக்கட்டியது போலத்தான் அது.

எழுதாமல் விட்ட செலவு 1952 டிசம்பரில் வந்து நின்றது.

போர் முடிந்து ஏழு வருடம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டதால் நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போயிற்று. வீடுகளுக்கு மலிவான கரித்தூள் ரகம். டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, லண்டன் மேல் குளிர்ந்த காற்று அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேலே வெப்பமான காற்று பாத்திர மூடி போல. குளிர் அதிகமானதால் அடுப்புகள் அதிகம் எரிந்தன. அடுப்புப் புகை மேலே போக வழியில்லை. ஐந்து நாள். சுரங்க ரயில் தவிரப் போக்குவரத்து நின்றுபோனது. நடைபாதையில் போகிறவர்களுக்குத் தங்கள் பாதமே தெரியவில்லை. சேட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குள் புகை புகுந்து இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. மாடுகள் செத்ததுதான் முதலில் செய்தியானது. மனிதர்கள் சாவது உடனே தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் படுக்கைகளிலும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சவப்பெட்டியும் பூவும் தட்டுப்பாடானபோதுதான் என்னவோ நடக்கிறது என்று புரிந்தது. டிசம்பர் 13-இல் முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் இறந்தவர்கள் 4,700-க்கு மேல். முந்தைய ஆண்டு அதே வாரத்தில் இது 1,850 அளவில்தான் இருந்தது.

இந்த முறை அளவு கையில் இருந்தது. ஓவன்ஸின் பொட்டுத் தாளுக்கு வாரிசாக வந்த வடிதாள் கருவிகள் நகரில் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் ஒரு கன மீட்டருக்கு 4.46 மில்லிகிராம் புகை பதிவானது. ஆய்வாளர் வில்கின்ஸ் நாள்வாரியாக மூன்று கோடுகளை ஒரே வரைபடத்தில் போட்டார்: புகை, கந்தக டை ஆக்சைடு, மரணம். மூன்றும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. பொதுச் சுகாதாரப் பாடப் புத்தகங்களில் இன்றுவரை வருகிற படம் அது. எவ்வளவு பேச்சாளர்கள் எத்தனை வருடம் பேசியும் நடக்காதது இந்த ஒரு படத்தோடு நடந்தது. பீவர் தலைமையில் குழு, பின் 1956-இல் தூய காற்றுச் சட்டம். வீட்டு அடுப்பும் சட்டத்துக்குள் வந்தது. புகையில்லா மண்டலங்கள் அறிவித்தார்கள், அடுப்பை மாற்ற மானியம் கொடுத்தார்கள்.

மரணக் கணக்கில் மட்டும் ஒரு கோளாறு. அரசு அறிக்கை சுமார் 4,000 பேர் என்றது. ஆனால் புகை விலகிய பிறகும் ஜனவரி, பிப்ரவரி வரை சாவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அதைக் காய்ச்சல் கணக்கில், அதாவது இன்ஃப்ளூயன்ஸாவில் எழுதிவிட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து 2001-இல் மிஷல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். அத்தனை மரணத்துக்கும் அந்தக் காய்ச்சல் போதாது, மொத்தம் 12,000 பேர் வரை இருக்கலாம் என்று காட்டினார்கள். புகை என்றால் கண்ணுக்குத் தெரியும் வரைதான் கொல்லும் என்ற நம்பிக்கைதான் அந்த மிச்ச எட்டாயிரத்தை மறைத்தது. டெவ்ரா டேவிஸ் வளர்ந்த ஊர் பென்சில்வேனியாவில் உள்ள டொனோரா. 1948 அக்டோபரில் துத்தநாக ஆலை, எஃகு ஆலைப் புகை தேங்கி 20 பேர் இறந்த ஊர் அது.

1952-க்குப் பிறகு லண்டனில் நடந்த இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் பேட்ரிக் லாதர் என்ற மருத்துவர் மூச்சுக்குழல் நோயாளிகள் நூற்றுக்கணக்கானவர்களிடம் டைரி கொடுத்தார். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு குறிப்பு: இன்று நேற்றைவிடத் தேவலையா, அப்படியேயா, மோசமா? அவ்வளவுதான். அந்தக் கிறுக்கல்களைப் புகை அளவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒத்துப்போயின. புகை ஏறிய நாளில் டைரிகளும் மோசமாயின. வடிதாளைப் போல மனித நுரையீரலையும் ஒரு அளவுகோலாகப் பயன்படுத்தியது அருமையான யோசனை. புகை குறையக் குறைய டைரிகளும் அமைதியாயின. 1961-இல் தொடங்கிய தேசிய அளவைத் திட்டத்தில் 1960களின் நடுவில் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன. 1970களின் இறுதியில் பல நிபுணர்கள் துகள் மாசு முடிந்த கதை என்றே நினைத்தார்கள்.

முடியவில்லை. கருவி பழசாகியிருந்தது.

'கரும்புகை' முறை என்பது தாளின் கறுப்பை ஒளி பாய்ச்சி அளந்து அதை எடையாக மாற்றிச் சொல்வது. கறுப்பை எடையாக மாற்றுகிற அந்த வாய்ப்பாடு நிலக்கரிப் புகைக்காக 1960களில் போட்டது. பிறகு ஊரில் நிலக்கரி குறைந்து டீசல் வண்டிகள் பெருகின. டீசல் கரி, எடைக்கு எடை பார்த்தால் நிலக்கரிப் புகையைவிட மூன்று மடங்கு கறுப்பு. பெட்ரோல் வண்டிப் புகையோ அதைவிட வெளுப்பு. காற்றிலேயே வேதிவினையால் உருவாகிற சல்பேட், நைட்ரேட் துகள்களுக்கு நிறமே கிடையாது, வெள்ளைத் தாளில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். கறுப்பைத் தேடிய கருவிக்கு அவை இல்லாதவை. மாட்டுச் சந்தைத் தராசில் தங்கம் நிறுத்த மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது. இது தராசே இல்லை, நிறம் பார்க்கும் கண்.

உண்மையான தராசு அமெரிக்காவில் வந்தது. வேக்குவம் கிளீனர் மோட்டார் போன்ற ஒன்று, அதன் மேல் காகித அளவு கண்ணாடி இழை வடிதாள், மேலே ஒரு கூரை. பறவைக்கூண்டு போலிருக்கும். ஒரு நாள் ஓடினால் ஏறத்தாழ 2,000 கன மீட்டர் காற்றை இழுத்துவிடும். ஓட்டுவதற்கு முன் தாளின் எடை, பின் எடை, வித்தியாசத்தைக் காற்றின் அளவால் வகுத்தால் அடர்த்தி. கறுப்போ வெளுப்போ எல்லாம் கணக்கில் வரும். 1971-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வைத்தே முதல் தரத்தை நிர்ணயித்தது: ஒரு நாள் சராசரி 260 மைக்ரோகிராம்.

இதிலும் ஒரு வினை. எல்லாம் வரும் என்றேன் அல்லவா என்று கருவியே கேட்பது போல, உழவு மண், சாலைப் புழுதி, மகரந்தம் எல்லாம் வந்து ஏறிக்கொண்டன. இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. துகளின் குறுக்களவு பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு. 10 மைக்ரான் மண் துகள் ஒன்று தாளில் விழுந்தால் 1 மைக்ரான் புகைத் துகள் ஆயிரத்துக்குச் சமம். மண் துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். அந்த ஆயிரமும் நேரே நுரையீரலின் அடிவரை போகும். மொத்த எடையைக் குறைக்க வேண்டுமென்றால் தெருவுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும், ஆலையைத் தொட வேண்டாம். ஆகவே கருவியின் வாயிலேயே ஒரு சல்லடை வைக்க வேண்டியதாயிற்று. கம்பிச் சல்லடை இல்லை, காற்றோட்டத்தைச் சட்டென்று திருப்பினால் கனமான துகள் திரும்ப முடியாமல் மோதி நின்றுவிடும், லேசானது திரும்பி உள்ளே போகும். 1987-இல் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தரம் வந்தது. பி.எம். 10 என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அதே நேரத்தில் யூட்டா மாநிலத்தில் ஒரு வேலைநிறுத்தம். யூட்டா பள்ளத்தாக்கில் இருந்த எஃகு ஆலை 1986 ஆகஸ்டில் மூடப்பட்டு, 1987 செப்டம்பரில் திரும்பத் திறந்தது. ஆலை ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. எந்த விஞ்ஞானியும் கேட்டு வாங்க முடியாத பரிசோதனை இது. இதைக் கவனித்தவர் ஆர்டன் போப். மருத்துவர் இல்லை, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். (வணிகவியல், பொருளாதாரம் படிக்கிறவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.) மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி என்று சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. 1989-இல் வெளியிட்டார். பள்ளத்தாக்கில் பலருக்கு அந்த ஆலைதான் சோறு. அவருடைய முடிவு அங்கே எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு, முன்கதையைவிட விசேஷமானது. அந்த ஆண்டுகளின் வடிதாள்களை யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து தூசியைக் கரைத்தெடுத்து, ஒரே அளவில், தன்னார்வலர்களின் நுரையீரலில் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். 2001-இல் முடிவு வந்தது. ஆலை ஓடிய காலத் தூசி அழற்சியை உண்டாக்கியது, மூடியிருந்த காலத் தூசி அவ்வளவாக இல்லை. எடை ஒன்றுதான், குணம் வேறு. உலோகம் கலந்த தூசியும் சாதாரணத் தூசியும் தராசுக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்றல்ல. இன்றைய எடைக் கணக்கும் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

1993 டிசம்பரில் ஹார்வர்டு ஆய்வாளர்களின் 'ஆறு நகரங்கள்' ஆய்வு வந்தது. ஆறு அமெரிக்க ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். வயது, புகைபிடித்தல், படிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும், மிக அழுக்கான ஸ்டூபன்வில்லில் மரண விகிதம் மிகச் சுத்தமான போர்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். ஊருக்கு ஊர் இந்த வேறுபாட்டோடு நெருக்கமாக ஒத்துப்போனது 2.5 மைக்ரானுக்குக் கீழான துகள். ஒன்றில் 29.6 மைக்ரோகிராம், மற்றதில் 11. இரண்டு ஊரிலும் வானம் நீலமாகத்தான் இருந்திருக்கும். 1952 லண்டனின் நாலாயிரத்துச் சொச்சத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். (அது கறுப்பை வைத்துச் சொன்ன எண், இது தராசு எண், நேராக ஒப்பிடக் கூடாது என்பது வேறு.)

1997-இல் பி.எம். 2.5-க்குத் தரம் அறிவித்தவுடன் தொழில்துறை கொதித்தது. மூலத் தரவைக் கொடு என்றார்கள். சுதந்திரமான ஒரு குழு முழுவதையும் திரும்பக் கணக்கிட்டு 2000-இல் முடிவு சரிதான் என்றது. லாரி உரிமையாளர் சங்கம் வழக்குப் போட்டது. தரம் நிர்ணயிக்கும்போது அதற்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும் என்பது வாதம். 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக மறுத்தது. சட்டப்படி தரத்தை உடல்நலத்தை மட்டும் வைத்தே நிர்ணயிக்க வேண்டும், செலவு அதில் வராது என்றது. செலவு-பலன் கணக்கே வேதம் என்று பாடம் படிக்கிறவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் செலவு என்ற பத்தியில் துல்லியமான எண்ணும், பலன் என்ற பத்தியில் காய்ச்சல் என்று மாற்றி எழுதிய எட்டாயிரம் பேரும் இருக்கிற பேரேட்டை எப்படிச் சரிக்கட்டுவது? ஆண்டுச் சராசரிக்கான அமெரிக்கத் தரம் 15-இல் ஆரம்பித்து, 2012-இல் 12 ஆகி, 2024 பிப்ரவரியில் 9 என்று அறிவிக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 2005-இல் 10, 2021-இல் 5.

திரும்ப லண்டனுக்கு. நகரின் தென்கிழக்கே லூயிஷம் பகுதியில், வாகன நெரிசல் மிகுந்த தெற்கு வட்டச் சாலையை ஒட்டிய வீட்டில் எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி இருந்தாள். கடுமையான ஆஸ்துமா. மூன்று வருடத்துக்குள் முப்பது முறை போல மருத்துவமனைக்கு எடுத்துப்போனார்கள். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். 2014-இல் நடந்த முதல் மரண விசாரணையில் மூச்சுச் செயலிழப்பு என்று எழுதினார்கள். காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. 1952-இல் லண்டன் மருத்துவர்களும் மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, இதயக் கோளாறு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். தவறு என்று சொல்ல முடியாது. பாதி விடை.

எலாவின் அம்மா ரோசமண்ட் விடவில்லை. வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவில் கேட்ஃபோர்டில் ஒரு காற்று அளவை நிலையம் இருந்தது. அதன் பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட் அந்தப் பதிவுகளையும் குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லாதரின் டைரி முறைதான், ஒரே ஒரு நோயாளிக்கு. மாசு ஏறிய காலங்களோடு அவளுடைய மோசமான நாட்கள் ஒத்துப்போயின. அவருடைய 2018 அறிக்கையை வைத்து உயர் நீதிமன்றம் 2019-இல் பழைய முடிவை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 16-இல் இரண்டாவது விசாரணை முடிந்தது. மரண காரணம் மூன்று வரிகளாகப் பதிவானது: கடும் மூச்சுச் செயலிழப்பு, தீவிர ஆஸ்துமா, காற்று மாசு. பிரிட்டனில் ஒருவருடைய மரண காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுதான் முதல் முறை.

2021 ஏப்ரலில் மரண விசாரணை அதிகாரி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். துகள் மாசில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளைக் குறைந்தபட்சத் தேவையாகக் கொள்ள வேண்டும் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் அந்த நிறுவனம் 10-ஐ 5 ஆக்கியது. இங்கிலாந்து 2023-இல் சட்டப்படி ஏற்றுக்கொண்ட இலக்கு 10. எட்ட வேண்டிய ஆண்டு 2040.